கௌசல்யாவின் ள

உங்கள் பையில் 'கோழித் தீவணம்' என்று அச்சடித்திருக்கிறதே, கவனித்தீர்களா? மூன்று சுழி போட்டிருக்கிறார்கள். இரண்டு சுழிதான் வரும். தீவனம். சிரிக்காதீர்கள், தப்பாகவும் நினைக்காதீர்கள். எனக்கு இது ஒரு வியாதி. பஸ்ஸில் ஏறினால் முதலில் கண்டக்டரைப் பார்க்கமாட்டேன், 'படியில் பயணம்' சரியாக எழுதியிருக்கிறதா என்றுதான் பார்ப்பேன்.

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள், எனக்கு வெயில் ஆகாது. இந்தப் பை மடியிலேயே இருக்கட்டும். மைசூர்பா. மேலே வைத்தால் பொள்ளாச்சி போவதற்குள் தூளாகிவிடும். வீட்டில் செய்யச் சொன்னேன், முடியாது என்றுவிட்டாள். ஏனென்று தெரியவில்லை, என் வீட்டுக்காரி இப்போதெல்லாம் எதற்கும் முடியாது என்கிறாள். கடையில் வாங்கிக்கொண்டு வந்தேன். உடுமலையில் என் தம்பி மனைவி இருக்கிறாள், அவளைப் பார்க்கத்தான். தம்பி மனைவி என்றால், இப்போது அப்படிச் சொல்லலாமா கூடாதா தெரியவில்லை. பிரிந்துவிட்டார்கள். நீங்கள் எதுவரை? கோமங்கலமா? சரி, எனக்கு முன்னால் இறங்கிவிடுவீர்கள். அதற்குள் சொல்லி முடித்துவிடலாம்.

எனக்கு நடந்த அநியாயத்தைத்தான் சொல்கிறேன். ஒரு எழுத்தைச் சரியாக எழுது என்று சொன்னதற்காக ஒரு மனுஷனைத் தண்ணீர் கேன் பக்கத்தில் உட்கார வைப்பார்களா? வைத்திருக்கிறார்கள். பீளமேட்டில், எங்கள் கம்பெனியில்.

நீங்கள் நிலம் வாங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் வில்லங்கம் போட்டுப் பார்த்திருப்பீர்கள். இந்த நிலம் யாருடையது, முன்னால் யார் கையில் இருந்தது, மேலே ஏதாவது பாக்கி இருக்கிறதா? எங்கள் கம்பெனி வேலையும் அதுதான். நிலத்துக்கு இல்லை, படங்களுக்கு. கம்ப்யூட்டரில் வரைந்த படம், பாட்டு, இப்படி. படத்தோடு ஒரு குறிப்பு வரும்: வரைந்தவர் இன்னார், படத்தின் பெயர் இது, தேதி இது. வாங்குகிறவன் நேராகப் போய்ப் பார்க்கமாட்டான். அவனுடைய கம்ப்யூட்டர் எங்கள் கம்ப்யூட்டரைக் கேட்கும். அதற்கு ஏபிஐ என்று பெயர். ஒரு ஜன்னல் என்று வைத்துக்கொள்ளுங்களேன், ஆள் இல்லாத ஜன்னல். இந்தப் பக்கம் ஒரு எந்திரம் கேட்கும், அந்தப் பக்கம் ஒரு எந்திரம் பதில் சொல்லும். 'உண்மை', 'செல்லாது', 'நகல்'. மூன்றே வார்த்தை. அந்தத் தமிழ் வார்த்தைகளை வைத்தது நான்தான்.

படங்கள் எங்கே இருக்கும் என்று கேட்பீர்கள். அது ஒரு இடத்தில் இருக்காது. உலகம் முழுக்க யார் யாருடைய கம்ப்யூட்டரிலோ இருக்கும். யாருக்கும் சொந்தமில்லாத கிடங்கு. பெருமையாகச் சொல்வார்கள், யாராலும் அழிக்க முடியாது என்று. அது சும்மா. யாராவது ஒருத்தர் தன்னிடத்தில் வைத்திருக்கிற வரைக்கும்தான் இருக்கும். எல்லோரும் கைவிட்டால் விலாசம் இருக்கும், வீடு இருக்காது. ஊர்ப்பொதுக் கிணற்றை யார் தூர் வாருவார்கள்? அந்தக் கதைதான்.

அதனால் நாங்கள் என்ன செய்வோம், ஒரு தடவை போய் எடுத்துவந்து சரிபார்த்துவிட்டு, ஒரு பிரதியை எங்களிடமே வைத்துக்கொள்வோம். அடுத்த தடவை கேட்டால் இழுப்பறையைத் திறந்து நீட்டுகிற மாதிரி, உடனே பதில். சரிபார்ப்பில் தேறாததையும் ஒரு ஓரமாகப் போட்டு வைப்போம். தள்ளுபடி என்று அதற்குப் பெயர். அதுவும் நான் வைத்த பெயர்தான்.

இந்தச் சரிபார்ப்புக்கு விதிகள் எழுதுவதுதான் என் வேலை. நான் பாதி வயசை வெளிநாட்டில் கழித்தவன். டொராண்டோவில். கார்வேந்தன் என்கிற பெயரை முழுதாகச் சொல்ல அங்கே ஒருத்தனுக்கும் நாக்கு கிடையாது. 'கார்' என்றே கூப்பிட்டார்கள். 'கார், இன்னும் பார்க்கிங்கிலா நிற்கிறாய்?' என்று தினம் ஒருவன் கேட்பான், தினம் எல்லோரும் சிரிப்பார்கள். என் பெயர் வீட்டுப் பத்திரத்தில் ஒரு மாதிரி, ஆஸ்பத்திரியில் ஒரு மாதிரி, டிரைவிங் லைசென்ஸில் இன்னொரு மாதிரி. மூன்று இடத்திலும் நான் மூன்று ஆள். அப்போதே நினைத்தேன், நம் ஊருக்குத் திரும்பி நம் எழுத்தில் வேலை செய்தால் ஒருத்தன் பெயரைக்கூடப் பிழையாக விடக்கூடாது என்று. அதில் என்ன தப்பு? சொல்லுங்கள்.

ஆக, விதி எழுதினேன். கணக்கில் பதிந்த பெயரும் படத்தின் குறிப்பில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்கவேண்டும். இல்லையென்றால் செல்லாது. எங்கள் மேலதிகாரி ரெஜினா மேடம், என்னைவிடச் சின்னவள், கெட்டிக்காரி, அதை மறுக்கவில்லை, ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கார்வேந்தன் சார், இதனால யாருக்காவது அடி விழுமா?"

"பிழையா எழுதறவங்களுக்கு விழும் மேடம்."

"யாரு அப்படி இருக்காங்கன்னு பாத்தீங்களா?"

"விழட்டுமே. விழுந்தாத்தான் எழுதப் பழகுவாங்க."

அவள் ஏதோ யோசனையோடு சரி என்றாள். இப்போது அதையே மாற்றிப் பேசுகிறாள்.

என் தம்பி முகுந்தன். அவன் மனைவி கௌசல்யா. அந்தப் பெண் தட்டான் படம் வரைவாள். தட்டான் தெரியுமில்லையா, மழைக்கு முன்னால் தாழப் பறக்குமே, அது. ஏதோ ஒரு கிறுக்கு. சிங்காநல்லூர் குளத்துக்கரையில் போய்ப் பார்த்துவிட்டு வந்து, இறக்கை நரம்பு ஒவ்வொன்றையும் விடாமல் வரைவாள். கல்யாணமான புதிதில் முகுந்தன்தான் அவளுக்கு எங்கள் கம்பெனியிலேயே கணக்கு ஆரம்பித்துக் கொடுத்தான். வரைபவர்கள் என்கிற இடத்தில் இரண்டு பெயரைத் தட்டினான்: கௌசல்யா, முகுந்தன். புதுமாப்பிள்ளை ஆசை. சரியாகத்தான் தட்டினான், அவன் தமிழ் பரவாயில்லை.

அவள் என்ன செய்தாள்? படங்களை ஏற்றும்போது ஒவ்வொன்றிலும் குறிப்பை அவளே போனில் தட்டினாள். வரைந்தவர்: கெளசல்யா.

உங்களுக்கு வித்தியாசம் தெரியவில்லையா? தெரியாது. கண்ணுக்குத் தெரியாது. கௌ என்பது ஒரே எழுத்து. ககர ஔகாரம். அவள் போட்டது 'கெ', அதற்குப் பக்கத்தில் ஒரு 'ள'. பள்ளம், வெள்ளம், கள்ளம் எல்லாவற்றிலும் வருமே, அந்த ள. பார்த்தால் கௌசல்யா. கம்ப்யூட்டருக்கு அது கெ-ள-ச-ல்-யா. கெளசல்யா என்று ஒருத்தி உலகத்திலேயே கிடையாது. நம் ஊரில் பாதிப்பேர் இப்படித்தான் தட்டுகிறார்கள், கெளரி, செளந்தரம், மெளனம். கல்யாணப் பத்திரிகை முழுக்க இதுதான். நான் பத்திரிகையைப் பார்த்தால் மாப்பிள்ளையைப் பார்க்கமாட்டேன், இதைத்தான் பார்ப்பேன்.

அவர்கள் பிரிந்த கதை சின்னக் கதை. கை ஓங்கினான் என்பாள். ஓங்கியிருக்கலாம். புருஷன் பெண்டாட்டிக்குள் கை ஓங்குவது, இறங்குவது எல்லாம் இருக்கும். ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு உடுமலையில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் வரைகிற பலகை, டேப்லெட், அது தம்பியிடம் இருந்துவிட்டது. கோபத்தில் அவன் அதைத் துடைத்துவிட்டான். துணியால் இல்லை, உள்ளே இருந்ததை எல்லாம். அந்தக் கிடங்கில் படங்களை ஒருத்தர் வைத்திருப்பதற்குச் சந்தா கட்டிக்கொண்டிருந்தானே, அதையும் நிறுத்திவிட்டான். போனவளுக்கு எதற்குச் சந்தா? நியாயம்தானே.

அந்தச் சமயத்தில் வெளிநாட்டில் குழந்தைகளுக்குப் புத்தகம் போடுகிற ஒரு கூட்டத்தார் அந்தத் தட்டான்களை எங்கேயோ பார்த்துவிட்டுக் கேட்டார்கள். வரைந்தவர் பெயரைப் போட்டு, முழுப் புத்தகமாக. அவர்கள் கம்ப்யூட்டர் எங்கள் ஜன்னலுக்கு வந்து கேட்டது. அப்போது என் விதி வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. எங்கள் ஜன்னல் சொன்னது: செல்லாது. அத்தனை படமும் செல்லாது. அவள் பிரிந்து போனதற்கும் என் விதிக்கும் சம்பந்தமில்லை. விதி எல்லோருக்கும்தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை முகுந்தன் சாப்பிட வந்தான். தனியாக இருக்கிறானே, வாய்க்கு ருசியாகச் சாப்பிட்டுப் போகட்டும் என்று நான்தான் கூப்பிட்டேன்.

"அண்ணா, ஆபீஸ்ல என்ன புதுசு?"

சும்மா பேச்சுக்குச் சொன்னேன். போனில் தட்டியே காட்டினேன். "இது கௌ. இது கெள. பாத்தா ஒண்ணாட்டம் இருக்குதா? இப்ப இங்க கர்சரை வெச்சு ஒருவாட்டி அழி. பாரு, ள மட்டும் போகுது, கெ நிக்குது. இதுதாண்டா பிழை."

அவன் குழம்பைப் பிசைந்துகொண்டே பார்த்தான்.

"அப்ப அவ ஏத்துனதெல்லாம்?"

"செல்லாது."

"யாரும் வரையாத மாதிரியா?"

"ஜன்னலைப் பொறுத்த மட்டும் ஆமா."

"என் பேரு?"

"முகுந்தன்ல என்னடா பிழை வரும்? ஒத்தக் கொம்பு கூட இல்லை."

"அதே படத்த நான் ஏத்துனா?"

"நீ கணக்குல இருக்கிற வரைபவன். பேரு பொருந்துது. உண்மைன்னு சொல்லும்."

ரசத்துக்கு மறுபடி சாதம் போடச் சொன்னான். நன்றாகச் சாப்பிட்டான். என் வீட்டுக்காரி மட்டும் கரண்டியைப் பாத்திரத்தில் போட்டுவிட்டு உள்ளே போனாள். அவளுக்கு அன்றைக்கே தலைவலி.

அடுத்த வாரமே, பலகையைத் துடைக்கும் முன் எடுத்து வைத்திருந்த பிரதிகளில் அவன் பெயரை மாற்றிவிட, அத்தனை தட்டானும் வரைந்தவர் முகுந்தன் என்று எங்கள் ஜன்னலில் வந்து நின்றது. உண்மை என்று சொன்னது. நானா சொன்னேன்? விதி சொன்னது. ஒரு தடவை உண்மை என்று வந்துவிட்டால் எங்கள் பிரதியை மாற்றமாட்டோம், சரிபார்த்ததை மறுபடி மறுபடி சரிபார்ப்பது வீண் வேலை. அதுவும் என் விதிதான், ஆனால் அது வேகத்துக்காக எழுதியது.

பிறகுதான் கௌசல்யா போன் செய்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து என்னை மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"மாமா, நல்லாருக்கீங்களா? அக்கா நல்லாருக்காங்களா?"

"எல்லாரும் நல்லாருக்கோம் அம்மிணி. சொல்லு."

"என் படமெல்லாம் செல்லாதுன்னு வருதுங்க மாமா. அவரு ஏத்துனது உண்மைன்னு வருது."

"உன் பேர நீ பிழையா எழுதியிருக்கே அம்மிணி."

"என் பேரயா?"

விளக்கிச் சொன்னேன். பொறுமையாக, ஒண்ணாங்கிளாஸ் பிள்ளைக்குச் சொல்கிற மாதிரி. பஸ் ஸ்டாண்டில் நின்றாள் போலிருக்கிறது, பின்னால் திருமூர்த்திமலை, திருமூர்த்திமலை என்று யாரோ கத்திக்கொண்டிருந்தான்.

"அப்ப அத நான் திருத்தி ஏத்தறேனுங்க."

"ஏத்து. ஆனா ஒரு புள்ளி மாறுனாலும் படத்தோட கைரேகை, அதான் கம்ப்யூட்டர் போடற அடையாள எண், மாறிரும். அது புதுப் படம்னு ஆயிரும். இன்னிக்குத் தேதி விழும்."

"அவரு போன வாரமே ஏத்திட்டாருங்களே."

"ஆமா. அப்ப உன்னோடது நகல்னு வரும்."

பாருங்கள், எதையும் மறைக்கவில்லை. உள்ளதை உள்ளபடி சொன்னேன். அவளும் புத்திசாலிதான், உடனே பிடித்துக்கொண்டாள். "அப்ப ஒரே வழிதானுங்க மாமா. ரெண்டு மாதிரி எழுதுனாலும் ஒரே பேருன்னு நீங்க ஒரு விதி போடோணும். அப்ப என் பழைய படம், பழைய தேதியோட தேறிரும்."

அது முடியும். ஒரு வரி. ஒரே ஒரு வரி எழுதினால் போதும், 'கெள' வந்தால் 'கௌ' என்று எடுத்துக்கொள் என்று. ஆனால் நான் கேட்கிறேன், பிழையைச் சரி என்று ஒத்துக்கொள்ளச் சொல்லி என்னிடமே கேட்கிறாளே, எவ்வளவு நெஞ்சழுத்தம்? இன்றைக்கு இவளுக்காக ள. நாளைக்கு உங்கள் தீவணக்காரன் வந்து மூன்று சுழியும் இரண்டு சுழியும் ஒன்றுதான் என்பான். மொழி எங்கே நிற்கும்?

"அவருதான் வரைஞ்சாருன்னு நீங்க நம்பறீங்களா மாமா?" என்று கேட்டாள்.

"நான் நம்பறதுக்கும் நம்பாததுக்கும் என்ன இருக்குது? யாரு வரைஞ்சாங்கன்னு நான் பக்கத்துல நின்னா பாத்தேன்? ஜன்னல் சொல்றதுதான்" என்றேன்.

அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை. ஆயுத பூஜைக்கு முதல் நாள் ஆபீசுக்கே வந்துவிட்டாள். உங்களுக்குத் தெரியும், எங்கள் கோயமுத்தூரில் தீபாவளியைவிட அது பெரிது. லேத் பட்டறையிலிருந்து கம்ப்யூட்டர் கம்பெனி வரைக்கும் கழுவித் துடைத்துப் பொட்டு வைப்போம். வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள், பொரி மூட்டை வந்து இறங்கியிருந்தது, தரையெல்லாம் தண்ணீர். அந்த ஈரத்தில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். இளைத்துத்தான் இருந்தாள். ரெஜினா மேடத்தைப் பார்க்கவேண்டும் என்றாள். மேடம் குடும்பத்தோடு வேளாங்கண்ணி போயிருந்தாள், லீவு முடிந்துதான் வருவாள்.

எல்லோரும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறார்கள். சொந்தக்காரி என்று சலுகை காட்டினேன் என்று நாளைக்கு ஒருத்தன் வாய் கூசாமல் சொல்லிவிடக்கூடாது பாருங்கள். அதனால் எல்லோர் முன்னாலும் கேட்டேன்.

"உன் பேர உனக்கு எழுதத் தெரியுமா அம்மிணி? அந்த போர்டுல எழுது."

தயங்கினாள். பேனாவை எடுத்துக் கையில் கொடுத்தேன். எழுதினாள். கையெழுத்து நன்றாகத்தான் இருந்தது, வரைகிற கை அல்லவா.

"இது எந்த ள?" என்று கேட்டேன்.

"புரியலீங்க மாமா."

"நீ எழுதியிருக்கறது ஔகாரக் குறியா, இல்ல பள்ளத்துல வர்ற ளவா?"

போர்டையே பார்த்தாள். நான்கைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பொரி அளந்துகொண்டிருந்தவன்கூடப் படியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தான்.

"பேனாவுக்கு ரெண்டும் ஒரே எழுத்துதானுங்களே மாமா," என்றாள்.

"கம்ப்யூட்டருக்குப் பேனா கிடையாது அம்மிணி" என்றேன். நல்ல பதில் என்று இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. கைதட்டினார்கள். ஒருத்தன் 'அப்படிப் போடுங்க சார்' என்றான். அவள் தானே எழுதிய பெயரைத் தானே உள்ளங்கையால் அழித்துவிட்டுத் திரும்பினாள். கையெல்லாம் நீலம்.

அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை. பக்கத்தில் வந்து மெதுவாக, "மாமா, எங்கிட்ட ஒண்ணுமில்லீங்க. பலகையத் தொடச்சுட்டாரு. போன்ல இருக்கறதெல்லாம் சின்னச் சின்னதா அனுப்புன படம், அது ஒரிஜினல் ஆகாது. கெடங்குல சந்தாவ நிறுத்துனதால அங்கயும் போயிருச்சு. இப்ப என் படம் பழைய தேதியோட இருக்கற ஒரே எடம் உங்க தள்ளுபடிதானுங்க. மேடம் வர்ற வரைக்கும் அத வெச்சிருங்க. தேற வைக்க வேண்டாம். தொடாம வெச்சிருங்க, அது போதும்" என்றாள்.

"பார்க்கலாம்" என்றேன்.

ஒரு பொட்டலம் பொரியும் கொடுத்து அனுப்பினேன். பண்டிகை நாளில் வந்தவளை வெறுங்கையோடு அனுப்பக்கூடாது.

இப்போது வாருங்கள் விஷயத்துக்கு. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் முன்னால் தள்ளுபடியைத் துப்புரவாகக் காலி செய்வேன். எந்திரத்துக்குப் பொட்டு வைக்கும்போது உள்ளே குப்பை இருக்கலாமா? வெளியில் துடைத்து உள்ளே அழுக்கோடு வைத்தால் அது பூஜையா? வருஷா வருஷம் செய்கிறது. இந்த வருஷமும் செய்தேன். அவள் படிக்கட்டு இறங்கியிருக்கமாட்டாள், அவ்வளவுதான். 'நிரந்தரமாக அழிக்கவா?' என்று கேட்டது. ஆம் என்றேன். பிறகு சந்தனம், குங்குமம், சூடம் எல்லாம் முறைப்படி. பூசணிக்காயை நானே தெருவில் உடைத்தேன். நன்றாகச் சிதறியது.

வைத்திருக்கிறேன் என்று சொல்லிவிட்டு ஏமாற்றிவிட்டேன் என்கிறார்கள். சொல்லவே இல்லை. 'பார்க்கலாம்' என்றுதான் சொன்னேன். நீங்களே சொல்லுங்கள், நம் ஊரில் ஒருத்தர் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம்? பெண் கேட்டுப் போனால் பார்க்கலாம் என்பார்கள், கடன் கேட்டுப் போனால் பார்க்கலாம் என்பார்கள். நடக்காது என்று அர்த்தம். தமிழ் தெரிந்த யாருக்கும் அது தெரியும். அவளுக்குத் தமிழ் தெரியாது என்றுதானே நான் முதலிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறேன்!

மேடம் வந்தாள். வந்த அன்றைக்கே யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"தள்ளுபடில இருந்த அந்தத் தட்டான் படமெல்லாம் எங்க சார்?"

"சுத்தம் பண்ணியாச்சு மேடம். பூஜைக்கு."

"அந்தப் பொண்ணு வெச்சிருக்கச் சொன்னாங்களா இல்லையா?"

"எழுதிக் கொடுக்கலை மேடம்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தாள். என் நாற்காலியிலேயே உட்கார்ந்து, என் விதிக்குக் கீழே அந்த ஒரு வரியை எழுதினாள். டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. இப்போது யார் எந்த ள போட்டாலும் எங்கள் ஜன்னல் வாங்கிக்கொள்கிறது. தமிழுக்கு அவ்வளவுதான் மரியாதை. பிறகு ஊர் உலகத்தில் யாரிடமாவது அந்தப் பழைய படங்கள் இருக்கிறதா என்று கேட்டுக் கேட்டுப் பார்த்தாள். யாரிடமும் இல்லை. விலாசம் இருக்கிறது, தேதி இருக்கிறது. திறந்தால் ஒன்றுமில்லை. இல்லாத படத்தை யாருடையது என்று எப்படித் தேற வைப்பது? கௌசல்யா போனில் இருந்த சின்னப் படங்களை ஏற்றிப் பார்த்திருக்கிறாள். எங்கள் ஜன்னல் சரியாகத்தான் சொன்னது. நகல். நகல். நகல்.

பாவம், வேலையும் அதற்கேற்ற மாதிரிதான் கிடைத்திருக்கிறது. உடுமலையில் தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நிற்கிறாளாம். நான் சிரிக்கவில்லை, முகுந்தன்தான் சிரித்தான்.

எனக்கு என்ன கிடைத்தது? ஆலோசகர் என்று ஒரு பட்டம். தண்ணீர் கேன் பக்கத்தில் ஒரு மேசை. ஒருத்தரும் ஆலோசனை கேட்பதில்லை. தண்ணீர் பிடிக்க வருகிறவர்களும் பாட்டிலைப் பார்க்கிறார்களே தவிர என்னைப் பார்ப்பதில்லை. அன்றைக்குக் கைதட்டினார்களே, அவர்களேதான். இதைத்தான் அநியாயம் என்கிறேன்.

அட, மைல்கல்லைப் பார்த்தீர்களா? உங்கள் ஊர் கிட்ட வந்துவிட்டது. சீக்கிரம் முடிக்கிறேன்.

இப்போது என்னவென்றால், அந்தப் புத்தகக்காரர்கள் இன்னும் கொஞ்சம் படம் கேட்கிறார்கள். முகுந்தன் பெயரில் ஒப்பந்தம் போட்டாயிற்று, புத்தகம் பாதி தயாராகிவிட்டது, அட்டையில் அவன் பெயர்கூடப் பொறித்துவிட்டார்கள். தை மாதம் அவனுக்கு மறுபடி பெண் பார்க்கிறோம், பெண் வீட்டாருக்கும் படம் வரைகிற மாப்பிள்ளை என்று சொல்லியாயிற்று. இவன் உட்கார்ந்து வரைந்து பார்த்தான். எனக்கு அனுப்பினான். தட்டானுக்கு எட்டுக் கால் போட்டிருந்தான். "ஏண்டா, இது தட்டானா சிலந்தியா?" என்று கேட்டேன். "அண்ணா, நீதான் போய்ப் பேசோணும், நீ சொன்னா அவ கேப்பா" என்றான். அதற்குத்தான் போகிறேன். அவள் வரைந்து கொடுக்கட்டும், கூலி கொடுத்துவிடலாம், பெயர் மட்டும் அவனுடையது. ஜெராக்ஸ் கடையில் நிற்பதற்கு இது எவ்வளவோ மேல் இல்லையா? அவளுக்கு நல்லது செய்யத்தான் இந்த வெயிலில் போகிறேன்.

காலையில் போன் செய்து, வருகிறேன் என்றேன். "வாங்க மாமா, இருந்து சாப்பிட்டுப் போங்க" என்றாள். மரியாதை தெரிந்த பெண்தான். சரி என்று விஷயத்தைச் சொன்னேன். கடையில் அந்த மெஷின் ஓடுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. பிறகு என்ன சொன்னாள் தெரியுமா?

"எனக்கு வரையத் தெரியாதுங்களே மாமா."

"என்ன அம்மிணி வெளையாடறே?"

"நெசமாத்தானுங்க. உங்க ஜன்னல்லயே கேட்டுப் பாருங்க. நான் வரைஞ்சதுன்னு ஒண்ணுமே இல்லைன்னு சொல்லும். மாமாவுக்கு ஏதாவது ஜெராக்ஸ் எடுக்கோணுமுன்னா கொண்டாங்க, எடுத்துத் தர்றேன்."

வைத்துவிட்டாள். எவ்வளவு திமிர் பாருங்கள்!

எழுந்துவிட்டீர்களா? பையை மறந்துவிடாதீர்கள். இருங்கள், காலை மடக்கிக்கொள்கிறேன், போங்கள். வரையத் தெரியாதாம்! யாரிடம் சொல்கிறாள்? கல்யாணமாகி மூன்றாம் மாசம் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது, என் சாப்பாட்டு மேசையில், ஒரு காபித் தட்டில் செத்த தட்டானை வைத்துக்கொண்டு அவள் வரைந்த முதல் படத்தையே நான் எதிரில் உட்கார்ந்து பார்த்தவன். முகுந்தன் அப்போது உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். அவன் ஒரு கோடு போட்டிருப்பானா? அத்தனையும் அவள் கை. ஒவ்வொரு நரம்பும் அவள் போட்டது. அது எனக்குத் தெரியாதா, சொல்லுங்கள்?

என்ன அப்படிப் பார்க்கிறீர்கள்? இறங்குங்கள், கண்டக்டர் விசில் ஊதிவிட்டார்.